ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மூலிகை: 'ஏ' தரம் வாங்கிய பட்டர்பர் ஓரங்கட்டப்பட்ட கதை

பொங்கலுக்கு வந்த சித்தி, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் அவர் மகள் வாங்கி அனுப்பியது. "ஒத்தத் தலவலிக்கு ரொம்ப நல்லதாம். நீதான் இதெல்லாம் படிக்கிறியே, சாப்பிடலாமான்னு பாத்துச் சொல்லுடா. மூலிகதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

டப்பாவில் 'பட்டர்பர், 75 மில்லிகிராம்' என்று இருந்தது. பக்கத்தில் 'பி.ஏ. இல்லாதது' என்று ஒரு பச்சை முத்திரை.

சித்திக்கு இந்த வலி இருபது வருடப் பழக்கம். காலையிலேயே கொட்டாவி வரும், கழுத்து இறுகும். மதியத்துக்குள் இடது பொட்டில் சுத்தியல் அடிக்கத் தொடங்கும். ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுப்பார். வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். சின்ன வயதில் அவருக்குச் சுக்கு உரைத்துக் கொடுத்தது நான்தான். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சுக்குத் துண்டை அழுத்தித் தேய்த்தால் சாம்பல் மஞ்சளில் விழுது வரும். நெற்றியில் பற்றுப் போட்ட அஞ்சாவது நிமிடம் எரிய ஆரம்பிக்கும். கழுவிவிட்டுப் பார்த்தால் தோல் சிவந்திருக்கும். "இந்த எரிச்சல்ல அந்த வலி தெரியலடா" என்பார்.

சாப்பிட வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் பட்டர்பரின் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. ஒற்றைத் தலைவலிக்குச் சொல்லப்படும் மூலிகைகளில் இதற்கு இருந்த அளவு வலுவான சான்று வேறு எதற்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்டதையே கடைசியில் மருத்துவர்கள் கைவிட்டார்கள். அது எப்படி என்பதைச் சித்திக்குச் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வெண்ணெய் மடித்த இலை

பட்டர்பர் ஐரோப்பாவின் ஆற்றோரங்களிலும் ஈர நிலங்களிலும் வளரும் செடி. தாவரவியல் பெயர் பெட்டாசைட்டிஸ் ஹைப்ரிடஸ். பெட்டாசோஸ் என்றால் கிரேக்கத்தில் அகல விளிம்புத் தொப்பி. இலை அவ்வளவு பெரிது. நம்மூரில் பூக்காரம்மா மல்லிகையை வாழையிலையில் கட்டித் தருவதுபோல, அங்கே வெண்ணெயை இந்த இலையில் மடித்து வைத்தார்கள். ஆங்கிலப் பெயர் அப்படி வந்ததுதான். ஜெர்மன்காரர்கள் இதைப் 'பெஸ்ட்வுர்ட்ஸ்' என்கிறார்கள். கொள்ளைநோய் வேர் என்று பொருள். ஒரு காலத்தில் கொள்ளைநோய்க் காய்ச்சலுக்கும் இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

தலைவலி மருந்துக்கு எடுப்பது மண்ணுக்குள் இருக்கும் தண்டை. அதிலுள்ள பெட்டாசின் என்ற பொருள்தான் வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள். ஆனால் அதே தண்டில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளும் இருக்கின்றன. டப்பாவில் போட்டிருந்த 'பி.ஏ.' இதுதான்.

இந்த நஞ்சு நமக்கு அந்நியமானதில்லை. காய்ந்த காயை ஆட்டினால் கலகலக்கும் கிலுகிலுப்பைச் செடியின் குடும்பத்தில் இது நிறைய உண்டு. தேள்கொடுக்குச் செடியிலும் உண்டு. 1975-இல் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் சாமையோடு ஒரு வகைக் கிலுகிலுப்பை விதை கலந்துபோயிற்று. அதைச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு வயிறு வீங்கி நீர் கோத்தது. கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. பாதிக்கப்பட்ட 67 பேரில் 28 பேர் இறந்தார்கள். அதற்கு இருபது வருடம் முன்பே ஜமைக்காவில் மூலிகைத் தேநீர் குடித்த குழந்தைகளிடம் இதே நோயை மருத்துவர்கள் கண்டு எழுதியிருந்தார்கள்.

ஆகவே பட்டர்பர் கிழங்கை அப்படியே கஷாயம் வைத்துக் குடிப்பது முதல் நாளிலிருந்தே தவறு. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் இந்த ஆல்கலாய்டுகளை நீக்கிவிட்டு, பெட்டாசினைத் தக்கவைத்த ஒரு சாற்றைத் தயாரித்தது. பெட்டாடோலெக்ஸ் என்று பெயர். சோதனைகள் எல்லாம் இந்தச் சாற்றின்மேல் நடந்தவைதான். செடியின்மேல் யாரும் சோதனை நடத்தவில்லை. இதைச் சித்தியிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எண்கள் சொன்னது

முதல் சோதனை ஜெர்மனியில் நடந்தது. 60 பேர். ஒரு பாதிக்கு நாளுக்கு இரண்டு வேளை 50 மில்லிகிராம், மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 12 வாரம். 2004-இல் இந்தத் தரவைத் தனியாக எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வலி வரும் தடவைகள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 45 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 15 சதவீதம்.

இரண்டாவது சோதனை பெரியது. நியூயார்க்கைச் சேர்ந்த தலைவலி நிபுணர் ரிச்சர்ட் லிப்டன் தலைமையில் நடந்து, 2004-இல் வெளியானது. 245 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: இரண்டு வேளை 75 மில்லிகிராம், இரண்டு வேளை 50 மில்லிகிராம், வெற்று மாத்திரை. நாலு மாதம் கொடுத்தார்கள். வலி வரும் தடவைகள் 75-இல் 48 சதவீதம் குறைந்தன, 50-இல் 36 சதவீதம். வெற்று மாத்திரையில் 26 சதவீதம்.

அந்த 26 சதவீதத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரைக்கே நாலில் ஒரு பங்கு வலி காணாமல் போயிருக்கிறது. வலி பாதியாகக் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டால் இன்னும் வியப்பு: 75 மில்லிகிராம் மருந்துக்கு 68 சதவீதம், வெற்று மாத்திரைக்கு 49 சதவீதம். பொய்யென்று இதைத் தள்ள முடியாது. இந்த வலியின் சுபாவம் அது. தாங்க முடியாத மாதத்தில்தான் ஆள் மருத்துவரைத் தேடிப் போவார். அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் குறையும். அதோடு, வலியைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கச் சொல்கிறார்கள். குறிக்கத் தொடங்கினாலே தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. "எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு இதுல சுத்தமா சரியாயிடுச்சு" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோமே, அந்தச் சாட்சியத்தின் எடை இவ்வளவுதான். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் இரண்டில் ஒருவர் அப்படித்தான் சொல்வார்.

ஆனாலும் 68-க்கும் 49-க்கும் இடையே 19 இருக்கிறது. அஞ்சு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மருந்தால் மட்டுமே கிடைத்த பலன் என்று வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் மூன்று நாலு நாள் இருட்டறையில் கிடப்பவருக்கு இது நல்ல கணக்குதான். பக்கவிளைவாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் ஏப்பம். ஏப்பம் வந்தவர் தமக்குக் கிடைத்தது நிஜ மருந்து என்று ஊகித்திருக்கவும் கூடும். அது அந்தச் சோதனையின் சின்ன ஓட்டை என்று எனக்குத் தோன்றுகிறது.

2012-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் அமெரிக்கத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டன. பட்டர்பருக்கு 'ஏ' தரம். 'பயன் உறுதி' என்று அதற்குப் பொருள். மெக்னீசியம், ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின், ஃபீவர்ஃபியூ என்ற இன்னொரு மூலிகை எல்லாம் ஒரு படி கீழே 'பி'-யில் நின்றன. 'ஏ' வாங்க நல்ல தரத்தில் இரண்டு சோதனைகளாவது ஒத்துப்போக வேண்டும். இங்கே இருந்ததும் இரண்டுதான். அதிலும் 50 மில்லிகிராம் முதல் சோதனையில் ஜெயித்தது, இரண்டாவதில் வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தவில்லை. 75 ஜெயித்தது ஒரே ஒரு சோதனையில். நான் மதிப்பெண் போட்டிருந்தால் 'ஏ' கொடுக்கக் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அதே சமயம் இன்னொரு பக்கம்

லிப்டனின் ஆய்வு வெளியான அதே 2004-இல் சுவிட்சர்லாந்து இந்தத் தலைவலி மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. காரணம், சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. 2009-இல் ஜெர்மனியிலும் மருந்து என்ற அனுமதி போயிற்று. சாறு எடுக்கும் முறையை நிறுவனம் மாற்றியிருந்தது, புதிய முறைக்கான பாதுகாப்புச் சான்றுகள் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 'ஏ' கொடுத்த அதே 2012-இல், பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டர்பர் சாப்பிடுவதை நிறுத்தும்படி மக்களுக்கு அறிவுறுத்தியது. உலகெங்கும் சேர்ந்திருந்த கல்லீரல் பாதிப்புப் புகார்கள் அப்போது 40. இரண்டு பேருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டியிருந்தது.

ஒரே வருடம், ஒரே மருந்து, இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு. இரண்டு பக்கமும் மூடர்கள் இல்லை. கேட்ட கேள்விதான் வேறு. அமெரிக்கக் குழு தரம் போட்டது 'வலி குறைகிறதா' என்ற கேள்விக்கு. பிரிட்டன் கேட்டது 'யாருக்காவது கேடு வருகிறதா' என்று.

சோதனையிலேயே கேடு தெரிந்திருக்க வேண்டாமா? சித்தியும் இதைத்தான் கேட்டார். இரண்டு சோதனைகளிலும் நிஜமாகப் பட்டர்பர் சாப்பிட்டவர்களைக் கூட்டினால் 200 பேருக்குப் பக்கம்தான் வரும். பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் கல்லீரல் கெடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 200 பேரில் அப்படி ஒருவர் அகப்பட வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. ஏறக்குறைய நிச்சயமாகக் கண்ணில் பட வேண்டுமென்றால் 30,000 பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை கடைக்கு வந்தபிறகுதான் நடக்கிறது, வாங்கிச் சாப்பிடும் நம்மை வைத்து.

இன்னொன்றும் உறுத்துகிறது. நஞ்சை நீக்கிய சாற்றைச் சாப்பிட்டவர்களிடமிருந்தும் கல்லீரல் புகார்கள் வந்திருக்கின்றன. குற்றவாளி அந்த ஆல்கலாய்டுகள் மட்டும்தானா, சிலருடைய உடம்பு பெட்டாசினையே ஏற்காமல் போனதா என்பது இன்றும் தீராத வழக்கு. அதனால் 'பி.ஏ. இல்லாதது' என்ற பச்சை முத்திரை பாதிக் கேள்விக்குத்தான் பதில். அந்தப் பாதியையும் அமெரிக்காவில் விற்பவர் சொல்வதை வைத்தே நம்ப வேண்டும். 1994-இல் வந்த சட்டப்படி அங்கே இவை மருந்து இல்லை, துணை உணவு. கடைக்கு வருமுன் அரசாங்கம் பரிசோதித்து அனுமதி கொடுக்கும் வழக்கம் கிடையாது.

2015-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி தன் வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றது. வலி குறையவில்லை என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. கல்லீரல்தான் காரணம்.

ஃபீவர்ஃபியூ: தப்பிப் பிழைத்த பங்காளி

'பி' வாங்கிய ஃபீவர்ஃபியூ வெள்ளைச் சாமந்தி போன்ற சின்னப் பூப் பூக்கும் செடி. 1970-களில் பிரிட்டனில் இதன் இலையை மெல்வது ஒரு அலைபோலப் பரவியது. கசப்பு தாங்காமல் ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிட்டார்கள். சிலருக்கு வாய்ப்புண் வந்தது. லண்டன் மைக்ரேன் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஜான்சன் 1985-இல் இதைச் சோதித்தார். ஏற்கெனவே தினமும் இலை சாப்பிட்டு வந்த 17 பேரைப் பிடித்து, எட்டுப் பேருக்கு இலைத்தூள் மாத்திரையும் ஒன்பது பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார். வெற்று மாத்திரைக்காரர்களுக்கு வலி கூடியது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஆனால் ஏற்கெனவே பலன் கண்டவர்களை மட்டும் கூட்டிவைத்துக் கேட்பது பக்தர்களிடம் போய்க் கோயில் பற்றிக் கேட்பது மாதிரி. 1988-இல் நாட்டிங்காமில் 72 பேரிடம் நடந்த சோதனையில் வலித் தடவைகள் 24 சதவீதம் குறைந்தன. 1996-இல் நெதர்லாந்தில் 50 பேரிடம் ஆல்கஹாலில் எடுத்த சாற்றைக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. 2005-இல் ஜெர்மனியில் 170 பேர், கரியமிலவாயுவில் எடுத்த சாறு: மருந்துக்காரர்களுக்கு மாதம் 1.9 தடவை குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்து எழுதிய 2015-ஆம் வருட அறிக்கையும், ஏறக்குறைய மாதத்துக்கு 0.6 தடவை லாபம், சான்று பலவீனம் என்றுதான் சொன்னது. ஒரே செடி, ஆனால் சாறு எடுக்கும் விதத்துக்கேற்ப வேறு வேறு மருந்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதன் தாவரவியல் பெயரில் 'பார்த்தீனியம்' என்று வரும். அதை இணையத்தில் பார்த்துவிட்டு ரயில் தண்டவாளத்தோரம் மண்டிக்கிடக்கும் நம்மூர்ப் பார்த்தீனியத்தைப் பறித்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே பெருங்குடும்பம், ஆனால் வேறு செடி. நம்மூர்க் களை சிலருக்குத் தோலில் பட்டாலே அரிப்பும் தடிப்பும் வரும்.

கடைசியில் சுக்கு

"அப்ப நம்ம சுக்கு?" என்றார் சித்தி. அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார் போல.

சுக்கின் கதை டென்மார்க்கில் ஒரே ஒரு பெண்ணிடம் ஆரம்பிக்கிறது. 1990-இல் ஓடென்ஸேயிலிருந்து இரண்டு ஆய்வாளர்கள் 42 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். வலி வரப்போகும் அறிகுறி கண்டவுடன் இஞ்சிப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாராம், அரைமணிக்குள் வலி அடங்கிற்றாம். ஒருவரின் அனுபவம் என்றால் ஒருவரின் அனுபவம்தான், ஆனால் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2014-இல் ஈரானில் 100 பேர். வலி தொடங்கியதும் பாதிப் பேருக்கு ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் மாத்திரை 50 மில்லிகிராம், பாதிப் பேருக்கு இஞ்சிப்பொடி 250 மில்லிகிராம். கால் கிராம், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. இஞ்சிக்குப் பக்கவிளைவு குறைவு.

இந்தச் செய்தி 'இங்கிலீஷ் மருந்தை வென்ற இஞ்சி' என்று நம்மூர் வாட்ஸ்அப்பில் சுற்றாத வாரமில்லை. ஒன்று மட்டும் அதில் விட்டுப்போகும்: வெற்று மாத்திரைக்கென்று மூன்றாவது பிரிவு அங்கே கிடையாது. பட்டர்பர் சோதனையில் சும்மா இருந்தவர்களுக்கே எவ்வளவு குறைந்தது என்று பார்த்தோமே, அந்த ஒப்பீடு இங்கே இல்லை. பிரேசிலில் வெற்று மாத்திரை வைத்துச் செய்தார்கள். 2019-இல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 60 பேருக்கு ஊசியில் வலிமருந்து ஏற்றி, கூடவே இஞ்சிச் சாறும் கொடுத்தபோது வலி இன்னும் நன்றாகத் தணிந்தது. 2020-இல் அதே குழுவினர் 107 பேருக்கு மூன்று மாதம் தினமும் இஞ்சி கொடுத்து, வலி வராமல் தடுக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிடத் துளியும் கூடுதல் பலன் இல்லை.

ஆக, வலி தொடங்கும்போது குடித்தால் கொஞ்சம் உதவலாம், தினம் குடித்து வலியை விரட்ட முடியாது. பாட்டிமார்களும் தலை வலிக்கும்போதுதானே சுக்கைத் தேடினார்கள்.

நெற்றியில் பற்றுப் போடுவது இதில் சேராது. இந்தச் சோதனைகள் எல்லாம் உள்ளுக்குச் சாப்பிட்டவை. பூசுவதில் கிட்டத்தில் வருவது 2010-இல் ஈரானின் ஷிராஸில் நடந்தது: 10 சதவீத மென்தால் கரைசலை நெற்றியில் தடவியபோது, 35 பேர் கொண்ட சின்னச் சோதனையில், வெறும் கரைசலைவிட வலி குறைந்தது. நம் தைல டப்பாவுக்கு அது ஆறுதலான செய்தி. சுக்குப் பற்றில் சித்தி சொன்ன "எரிச்சல்ல வலி தெரியல" என்பதற்கும் ஏதோ அடிப்படை இருக்கலாம். எரிச்சலை உணரும் நரம்பு முனை வாயில்களில் ஒன்றின்மேல்தான் பெட்டாசினும் ஃபீவர்ஃபியூவின் பார்த்தினோலைடும் வேலை செய்கின்றன என்று இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வாயில் அடங்கினால், ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் சுரப்பது குறைகிறது. 2018-இலிருந்து விற்பனைக்கு வந்த விலையுயர்ந்த தலைவலி ஊசிகள் குறிவைப்பதும் அந்த சி.ஜி.ஆர்.பி.-யைத்தான். வேர் போன திசை தப்பில்லை.

டப்பா என்ன ஆயிற்று

சித்தியிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்: "மாசத்துல எத்தன நாள் மாத்திர போடுறீங்க சித்தி?" விரல் விட்டு எண்ணினார். காபி சத்து கலந்த வலிமாத்திரை, பன்னிரண்டு பதிமூன்று நாள் இருக்கும் என்றார். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிக் கலவை மாத்திரையை மாதம் பத்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். கல்லீரலைப் பணயம் வைக்கிற வேரைப் பற்றி நாங்கள் ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம், வில்லன் அவர் முந்தானை முடிச்சில் இருந்தான்.

நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அந்த மாத்திரையை நிறுத்தி, தடுப்பு மருந்து ஒன்றைத் தினம் ஒரு வேளை எழுதிக்கொடுத்தார். சுக்குக் கஷாயம் குடிக்கலாமா என்று சித்தி கேட்டதற்கு, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் போடலையே? அப்ப தாராளமா குடிங்கம்மா" என்றார். திடீரென்று மண்டை பிளப்பதுபோல வந்தாலோ, கை கால் இழுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ கஷாயம் வைக்க உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

மகளிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குக் கோபம். "இங்க கடையில இன்னும் வித்துட்டுதான் இருக்காங்க அண்ணா" என்றாள். உண்மைதான், அங்கே விற்கிறார்கள்.

சித்தி இப்போது தினசரிக் காலண்டர் தாளைக் கிழிப்பதில்லை, மடக்கிவிடுகிறார். வலி வந்த நாளுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு சுழி. பங்குனியில் ஆறு சுழி. அதில் மூன்றின் பக்கத்தில் பென்சிலால் 'சுக்கு - அடங்கிச்சு' என்று எழுதியிருக்கிறார். மூன்று தடவை என்பது எதையும் நிரூபிக்காது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.